தொட்டில் கொக்கியில் தொங்கிய எஞ்சின்

வெள்ளியங்கிரி வீட்டு முன்னறையில், தொட்டில் கொக்கியில் தொங்கிய கார் எஞ்சின் மூச்சுவிடத் தொடங்கிய காலையில் எங்கள் வீதிக்குச் சிறுவாணித் தண்ணீர் விட்டிருந்தார்கள், அதனால் ஆச்சரியப்பட யாருக்கும் நேரமில்லை. குடம் நிரம்பியவர்கள் போய்ப் பார்த்தார்கள், நிரம்பாதவர்கள் வரிசையை விட மனமில்லாமல் குழாயடியிலிருந்தே "மூச்சு சீரா வருதா?" என்று கேட்டார்கள், "சீராத்தான் வருது, நல்லாத் தூங்குது" என்று உள்ளேயிருந்து பதில் வந்ததும் அடுத்த குடத்தை வைத்தார்கள். சிங்காநல்லூரில் எது வேண்டுமானாலும் நடக்கும். தண்ணீர் மட்டும் மறுபடி எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

வெள்ளியங்கிரி டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். அதாவது, நாள் முழுக்க இடது பக்கச் சீட்டில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் தனிப் பிரேக்கின் மேல் கால் வைத்தபடி, வலது பக்கம் இருப்பவர்கள் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு அதுவரை கும்பிடாத சாமிகளையெல்லாம் கும்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பவர். அப்படிப்பட்ட மனிதருக்குச் சொந்தமாக ஒரு கார் வேண்டும் என்று தோன்றியதில் எங்களுக்கு வருத்தமில்லை, ஆனால் அதைக் கடையில் வாங்காமல் வீட்டிலேயே கட்டப்போகிறேன் என்றபோதுதான் ஆளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பேசிக்கொண்டோம். இரும்புச் சட்டம் தனி, ஃபைபர் உடம்பு தனி, சக்கரம் தனி, சீட்டு தனி என்று கார் முழுவதும் பெட்டி பெட்டியாக வந்து இறங்கியது. பிரித்து முடுக்கிச் சேர்த்துக்கொள்ள வேண்டியது வாங்கியவர் வேலை, எஞ்சின் தேடிக்கொள்வதும் அவர் பாடு. கூரை கிடையாது, பின்சீட்டு கிடையாது, முன்னால் இரண்டே இரண்டு சீட்டு. "மழை வந்தா ஒரு கையில குடை புடிச்சுக்குவீங்களாண்ணா?" என்று நாங்கள் கேட்டால், அவர் சிரித்துக்கொண்டே ஸ்பேனரைத் தேடுவார்.

வீட்டின் முன்னறை ஒரு காலத்தில் மளிகைக் கடையாக இருந்தது, அதனால் கதவுக்குப் பதிலாக ஷட்டர் இருந்தது, கார் கட்டத் தோதான இடம்தான். அந்த அறையின் கூரையில்தான் கொக்கி. வெள்ளியங்கிரிக்கும் அவர் மனைவி சாந்தாமணிக்கும் நெடுநாள் கழித்துப் பிறந்த சிந்துஜாவுக்காகப் பதித்தது அது. தெருக்காற்று வரட்டும் என்று ஷட்டரை இடுப்பளவுக்குத் தூக்கிவிட்டு, பழைய நூல் புடவையில் தூளி கட்டிப் பிள்ளையைப் போட்டிருப்பார் சாந்தாமணி, போகிறவர் வருகிறவரெல்லாம் குனிந்து பார்த்துவிட்டுத்தான் போவோம். மொட்டையடித்துக் காது குத்த நாள் பார்த்துக்கொண்டிருந்த சமயத்தில் ஒரு காய்ச்சல் வந்தது, ஒரு வயது நிறையாமலேயே பிள்ளை போய்விட்டது. ஆளில்லாத தொட்டில் ஆடக்கூடாது என்று அன்றைக்கே தூளியை அவிழ்த்தார்கள், கொக்கியையும் அறுத்துப் போட்டுவிடச் சொன்னார்கள். "இருக்கட்டும், எதுக்காச்சும் ஆகும்" என்று வெள்ளியங்கிரி தடுத்துவிட்டார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் இன்னொரு பிள்ளை பிறக்கவில்லை.

எஞ்சின் கொண்டுவந்தவர் உசேன் பாய், உக்கடத்தில் பழைய வண்டிகளைப் பிரித்து விற்பவர். நொறுங்கிப்போன ஒரு மாருதியிலிருந்து எடுத்து, கழுவித் துடைத்து, இரண்டு ஆள் பிடிக்கத் தூக்கி வந்தார். எஞ்சினை உயரத்தில் தொங்கவிட்டு, அடியில் காரின் சட்டத்தைத் தள்ளி, மெல்ல மெல்ல இறக்கி, அதன் இடத்தில் முடுக்க வேண்டும். தொங்கவிட வலுவான இடம் அந்தக் கொக்கி ஒன்றுதான். சங்கிலி உரசி எஞ்சின் கீறிவிடக்கூடாது என்பதற்காகப் பழைய புடவை ஒன்று கேட்டார் பாய், சாந்தாமணி பீரோவுக்கு அடியில் கைவிட்டு எது அகப்பட்டதோ அதை எடுத்துக் கொடுத்தார், பாய் அதை நாலாக மடித்து எஞ்சினுக்கு அடியில் கொடுத்து, இரண்டு முனையையும் சங்கிலியில் கட்டித் தூக்கினார். எஞ்சினின் தாங்கிகளும் சட்டத்தின் துளைகளும் ஒரு விரல்கடை வித்தியாசத்தில் பொருந்தவில்லை. வேறு தாங்கி அடித்துக்கொண்டு வருகிறேன், அதுவரைக்கும் இப்படியே தொங்கட்டும் என்று சொல்லிவிட்டுப் பாய் போனார். டீ டம்ளர்களை எடுக்க வந்த சாந்தாமணி, புடவையில் ஏதோ கனமாகத் தொங்குவதைப் பார்த்து, போகிற போக்கில் கையால் ஒரு ஆட்டு ஆட்டிவிட்டுப் போனார். நினைத்துச் செய்ததல்ல, கைப்பழக்கம்.

காலையில் அது மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. வெதுவெதுப்பாக இருந்தது, ஆயில் வாசத்தோடு லேசான பால் வாசமும் வந்தது. தாங்கியோடு வந்த உசேன் பாய் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுச் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார்.

"இப்ப சுத்தியல் வேல வேணாம்மா, முழிச்சுக்கும். ஆகும்போது சொல்லி விடுங்க" என்றார் மெல்லிய குரலில், தாங்கியைச் சுவரோரம் சத்தமில்லாமல் சாய்த்து வைத்துவிட்டுப் போனார்.

சாந்தாமணி அதைத் தூளியிலிருந்து இரண்டு கையால் அள்ளி எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். "ஏழரைக் கிலோ" என்றார். கடைசியாக ஆஸ்பத்திரித் தராசில் சிந்துஜா இருந்த எடை அது. இதைக் கேட்ட டெம்போ டிரைவர் கருப்பண்ணன், ஏழரைக் கிலோதானே என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டு தூக்கப்போய், இடுப்பைப் பிடித்துக்கொண்டு எலும்புக்குக் கட்டுப்போடும் வைத்தியரிடம் நடந்த நடையை எங்கள் வீதி நெடுநாள் சொல்லிச் சிரித்தது. அவருக்கு அது முழு இரும்பாகவே இருந்தது. அவருக்கு அடுத்து, எட்டு வீடு தள்ளிக் குடியிருக்கும் பேபியக்கா தூக்கினார், தூக்கிய வேகத்தில் பின்னால் சாய்ந்துவிட்டார், ஏனென்றால் அவர் கைக்கு அது எடையே இல்லாமல் வந்தது. "ஒண்ணுமேயில்லீங்க, காத்தாட்டம் இருக்குது" என்றவர், அப்படியே தரையில் உட்கார்ந்து, கல்யாணமான புதிதில் மூன்றாம் மாதம் கலைந்ததைப் பற்றி வாழ்க்கையில் முதல் தடவையாக வாயைத் திறந்தார். பக்கத்தில் நின்ற அவர் வீட்டுக்காரருக்கே அது அன்றைக்குத்தான் தெரியும்.

இப்படித்தான் விஷயம் எங்களுக்குப் பிடிபட்டது. பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் கைக்கு அது அந்தப் பிள்ளையின் எடையாக வந்தது, மற்றவர்களுக்கு அது மாருதி எஞ்சின். கவுன்சிலர் போட்டோக்காரரோடு வந்து, வேட்டியை மடித்துக் கட்டி, மூச்சுப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார், அசையவில்லை. கூட வந்திருந்த அவருடைய அம்மா, "தள்ளுடா" என்று சொல்லி அதை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு ஷட்டர்வரை போய் வெயில் காட்டிவிட்டு வந்தார். தனக்கு முன்னால் ஒரு அண்ணன் இருந்திருக்கிறான் என்று கவுன்சிலர் அப்படித்தான் தெரிந்துகொண்டார். போட்டோ எடுக்க வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார்.

அதன்பின் வீதி அந்த வீட்டுக்குத் தக்கபடி தன்னை மாற்றிக்கொண்டது. ஆட்டோக்காரர்கள் முனையிலேயே வண்டியை அணைத்து, அந்த வீட்டைத் தாண்டும்வரை இறங்கித் தள்ளிக்கொண்டு போனார்கள். மத்தியான நேரத்தில் குக்கர் விசில் வந்தால் பக்கத்து வீட்டுக்காரர் மன்னிப்புக் கேட்டார். போலியோ சொட்டு மருந்து போட வந்த நர்சம்மா கொஞ்சநேரம் யோசித்து, எதற்கு வம்பு என்று ஆயில் ஊற்றும் வாயில் இரண்டு சொட்டு விட்டார், மை வைக்கச் சுண்டுவிரல் இல்லாததால் அதை மட்டும் விட்டுவிட்டார். சோமனூரிலிருந்தும் சூலூரிலிருந்தும் பெண்கள் வர ஆரம்பித்தார்கள், டவுன்பஸ் கண்டக்டர்கள் எங்கள் ஸ்டாப்பை எஞ்சின் வீடு என்று கூவ ஆரம்பித்தார்கள், வந்தவர்கள் வரிசையாக உட்கார்ந்து, முறை வந்ததும் முந்தானையை விரித்து, ஆளுக்குக் கொஞ்சநேரம் மடியில் வாங்கி, திருப்பிக் கொடுத்துவிட்டு, பஸ் ஏறிப் போனார்கள். சாந்தாமணிக்கு முகம் தெளிந்தது. எப்போதும் எதையோ மறந்துவிட்டதைப் போலப் பாதியில் நிற்கும் அந்த நடை போய்விட்டது. அவர் பாட்டுக்குச் சமைத்தார், சாப்பிட்டார், போவோர் வருவோரிடம் குறும்பு பேசினார், எங்களுக்கெல்லாம் அதைப் பார்க்க அத்தனை சந்தோஷமாக இருந்தது.

வெள்ளியங்கிரி மட்டும் அதைத் தொடவில்லை. வேலைக்குப் போனார், வந்தார், பெண்கள் கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு போய்க் காரின் சட்டத்தருகே குந்தி உட்கார்ந்து, ஒரே போல்ட்டை முடுக்கினார், கழற்றினார், மறுபடி முடுக்கினார். தூளிப் பக்கம் தலையைத் திருப்பவில்லை. பெற்ற தகப்பனுக்குத் தொட்டுப் பார்க்கக்கூட மனசு வரவில்லையா, கல்நெஞ்சக்காரன் என்று வீதி பேசியது, அவர் காதுபடவும் பேசியது. ஒருநாள் அவர், வேறெங்கோ பார்த்துக்கொண்டு சாந்தாமணியிடம் சொன்னார்.

"பாய் தாங்கி குடுத்துட்டுப் போயி ரொம்ப நாளாச்சு. எறக்கீர்லாமா சாந்தா?"

"எறக்க உடமாட்டனுங்க" என்றார் சாந்தாமணி. "ஒருக்கா மண்ணுக்குள்ள எறக்கிட்டு வந்தீங்கல்ல, அதுவே போதும். வேணும்னா உங்க காருக்கு வேற எஞ்சின் பாருங்க."

வெள்ளியங்கிரி மறுபடி அந்தப் போல்ட்டை முடுக்கப் போனார். கார் எஞ்சின் இல்லாமலேயே நின்றது, தூளி ஆடிக்கொண்டே இருந்தது. அது என்றைக்கும் இப்படியே இருந்துவிட வேண்டும் என்பதுதான் சாந்தாமணி வேண்டியதெல்லாம்.

ஆனால் கொக்கி ஒரு பிள்ளைக்காகப் பதித்தது. எங்கள் கைகளுக்கு எடை எப்படி இருந்தாலும் கூரையின் சிமெண்டுக்கு அது இரும்பாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல், அறை நிறையப் பெண்கள் உட்கார்ந்திருக்கும்போது, தூளிக்குள் பொடிப்பொடியாகச் சுண்ணாம்பு உதிர்ந்தது, பேபியக்கா மேலே பார்த்து "அய்யோ" என்று கத்தினார், கொக்கி ஒரு கைப்பிடிச் சிமெண்டோடு பிடுங்கிக்கொண்டு வந்தது. சட்டத்தருகே குந்தியிருந்த வெள்ளியங்கிரி ஸ்பேனரை எறிந்துவிட்டு ஒரே தாவில் வந்து விழுந்த எஞ்சினை இரண்டு கைகளிலும் ஏந்தினார்.

இரும்பாக இருந்திருந்தால் கை இரண்டும் முறிந்திருக்கும். முறியவில்லை. ஆனால் சாந்தாமணி ஏந்துவதைப் போல லேசாகவும் அவருக்கு அது வரவில்லை. தள்ளாடிச் சுவரில் முதுகு கொடுத்து நின்றார், கல்யாண வீட்டுக்குப் போய்விட்டு வரும் பஸ்ஸில் தூங்கிவிட்ட பெரிய பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்குகிற தகப்பனைப் போல ஒரு கையை அடியில் கொடுத்து ஒரு கையால் அணைத்துக்கொண்டு நின்றார்.

"குடுங்க இங்க" என்று கை நீட்டினார் சாந்தாமணி.

"உன்னால ஆகாது."

"தெனமும் தூக்கறவ நானு. என்னாலயா ஆகாது?"

"நீ தூக்கறது வேற சாந்தா" என்றார் வெள்ளியங்கிரி. மூச்சு வாங்கியது. "இவளுக்கு எட்டு முடிஞ்சிருச்சு."

சாந்தாமணிக்கு அது புரியவில்லை, எங்களுக்கும் புரியவில்லை. வெள்ளியங்கிரி சுவரில் சாய்ந்தபடியே, யாரையும் பார்க்காமல், நாளெல்லாம் பிறருக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிய அந்த நிதானமான குரலில் சொல்லிக்கொண்டே போனார்.

"மூணாவது படிக்கறா. முன்னாடி பல்லு ரெண்டும் உழுந்து மொளச்சாச்சு. எடதுகைப் பழக்கம், டீச்சர்கிட்டத் திட்டு வாங்கறா. கத்திரிக்காய்னா தட்டத் தள்ளி வெச்சர்றா. காய்ச்சல்னு ஒருநாள் படுத்ததில்ல. என்ற பக்கத்துல உக்கார வெச்சா ஹாரன்ல இருந்து கைய எடுக்கவே மாட்டீங்கறா."

பிள்ளை இறந்த நாளிலிருந்து அவர் அவளை மனசுக்குள் வளர்த்துக்கொண்டு வந்திருக்கிறார். சாந்தாமணியின் மனசில் அவள் தூளியில் படுத்தபடியே இருந்தாள், அவர் மனசில் தவழ்ந்தாள், நடந்தாள், பள்ளிக்கூடம் சேர்ந்தாள், ஒவ்வொரு வருஷமும் துணி பத்தாமல் போனது. இத்தனை வருஷமும் அந்த மனிதர் தனி ஆளாகத் தூக்கிச் சுமந்திருக்கிறார், நாங்கள் அவருக்கு வைத்த பேர் கல்நெஞ்சக்காரன்.

"எனக்குத் தெரியாமயா வளத்துனீங்க?" என்றார் சாந்தாமணி.

"உனக்கு அவ அந்த ஏழரைக் கிலோவுலயே இருந்தா. நாம் போயி எப்படிச் சொல்றது? சொன்னா அதையும் நாம் புடுங்குன மாதிரி ஆயிராதா?"

சாந்தாமணி திரும்பிக் காரைப் பார்த்தார். கூரையில்லாத, பின்சீட்டு இல்லாத அந்தக் காரில் இரண்டே சீட்டு இருப்பதை அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்ப்பவரைப் போலப் பார்த்தார்.

"நீங்க ஒண்ணுல. அவ ஒண்ணுல. அப்ப நான் எங்கீங்க உக்கார்றது?"

வெள்ளியங்கிரி முகத்தைத் துடைக்கக் கை இல்லாமல் அப்படியே அழுதார். நாங்களும் அழுதோம், வெட்கமில்லாமல் அழுதோம். சாந்தாமணி கிட்டே போய் அவர் கைக்கு அடியில் தன் கைகளைக் கொடுத்தார். முதலில் பழைய எடைதான் தெரிந்ததாம், பிறகு யாரோ மேலே மேலே எடுத்து வைப்பதைப் போல ஒவ்வொரு வருஷமாக வந்து இறங்கியதாம், அவர் பார்க்காமல் விட்ட பிறந்தநாள்களெல்லாம் மொத்தமாக அவர் கையில் வந்து சேர்ந்ததாம். "அம்மாடி" என்றார். இரண்டு பேரும் சேர்ந்து பிடித்தால்தான் தாங்கியது. அப்படியே எவ்வளவு நேரம் நின்றார்கள் என்று நாங்கள் யாரும் பார்க்கவில்லை, வெளியே வந்து வாசலில் உட்கார்ந்துவிட்டோம். பிறகு உள்ளேயிருந்து சாந்தாமணியின் குரல் கேட்டது.

"இத்தாப் பெரிய புள்ளையத் தூளியில போட்டு ஆட்டுனா ஊரே சிரிக்கும். பாயை வரச் சொல்லுங்க."

உசேன் பாய் வந்தார். கொக்கி இல்லாததால் சங்கிலியில் தொங்கவிட வழியில்லை, பெற்றவர்கள் இருவர் கையிலேயே எஞ்சின் இருந்தது. பேபியக்காவும் சூலூர்ப் பெண்களும் சேர்ந்து காரின் சட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து அவர்களுக்குக் கீழே நிறுத்தினார்கள். "மெதுவா, மெதுவா" என்று எல்லோரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள், பாய் மட்டும் ஒன்றும் சொல்லாமல் தாங்கிகளைத் துளைக்கு நேராகப் பிடித்தார். இருவரும் குனிந்து, இன்னும் குனிந்து, கைகளை ஒவ்வொன்றாக அடியிலிருந்து உருவிக்கொண்டார்கள். பாய் போல்ட்டுகளை முடுக்க முடுக்க மூச்சு மெலிந்துகொண்டே வந்தது. கடைசிப் போல்ட்டுக்குப் பிறகு சாந்தாமணி எஞ்சின் மேல் காதை வைத்து வெகுநேரம் கேட்டார், நிமிர்ந்தார், காதோரத்து ஆயிலைத் துடைத்துக்கொண்டார்.

"சரீங்க பாய். பெட்ரோல் ஊத்துங்க" என்றார்.

சாவியைத் திருப்பியதும் இருமியது, அடங்கியது, மறுபடி திருப்பியதும் பிடித்துக்கொண்டது. எந்தத் தெருவிலும் கேட்கிற சாதாரண மாருதிச் சத்தம்தான். ஏதாவது வித்தியாசமாகக் கேட்காதா என்று எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம், ஒன்றும் கேட்கவில்லை, புகை மட்டும் வந்தது.

மறுநாள் சாயங்காலம் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, ஷட்டரை முழுசாகத் தூக்கி, வெள்ளியங்கிரி வலது பக்கம் உட்கார்ந்தார், சாந்தாமணி இடது பக்கம் உட்கார்ந்தார். நேராகப் பள்ளிக்கூடத்துக்குப் போய் எதிர்வாடையில் நிறுத்தியதாக அங்கிருந்த டீக்கடைக்காரர் சொன்னார். மணி அடித்தது, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வந்தார்கள், வெள்ளியங்கிரி கையை நீட்டி யாரையும் காட்டவில்லை, சாந்தாமணியும் எவள் என்று கேட்கவில்லை. கடைசிப் பிள்ளையும் போய், வாட்ச்மேன் கேட்டைச் சாத்திய பிறகுதான் வண்டியை எடுத்தார்கள்.

எஞ்சினை இறக்கிவிட்ட செய்தி பல்லடம்வரை போய்ச் சேரவில்லை போலிருக்கிறது. அந்த வார வெள்ளிக்கிழமை ஒரு அம்மா ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு பஸ் இறங்கி விசாரித்துக்கொண்டு வந்தார். சாந்தாமணி அவரை உள்ளே அழைத்துப்போய்க் காட்டினார். அந்தம்மா காருக்குள் குனிந்து கையை வைத்தார், தட்டிப் பார்த்தார், இரும்பாக இருந்தது.

"போன வாரமே கெளம்புனனுங்க. வூட்டுல ஒரு வேல மாத்தி ஒரு வேல. உட மாட்டீன்னுட்டாங்க" என்றார், தப்பு தன்மேல்தான் என்பதைப் போல. "ஒருக்கா மடியில வெச்சுப் பாத்தாப் போதும்னு வந்தனுங்க."

சாந்தாமணி அவருக்குத் தண்ணீர் கொடுத்து, பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

"பையனுங்களா, பொண்ணுங்களா?"

"பையனுங்க. நாலு மாசம்."

"அது அப்பங்க" என்றார் சாந்தாமணி. "இப்ப?"

அந்தம்மா விளங்காமல் பார்த்தார். பிறகு விளங்கியது. இடது கை விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார், வலது கை விரல்களை மடக்கினார், விரல் பத்தாமல் திரும்பவும் முதலிலிருந்து வந்தார், அதுவும் பத்தாமல் மறுபடி வந்தார்.

"இருவத்தாறு ஆச்சுங்க" என்றார். குனிந்து தன் மடியைப் பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். "இனி அவந்தானுங்க என்னையத் தூக்கோணும்" என்று சொல்லிவிட்டு, சாந்தாமணியின் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார்.